படிப்பது வேறு... எழுதுவது வேறு! வண்டியின் ‘மூளை’யில் கை வைக்கும் முன் யோசியுங்கள்

மலிவு விலை ‘ரீமேப்’ பெட்டிகள்... உஷார்!

டிராக்டரில் இழுவை குறைந்தால் முன்பெல்லாம் வழி எளிது. டீசல் ஃபில்டரை மாற்றுவார்கள். பம்பில் ஏர் எடுப்பார்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் நாசிலைக் கழற்றிச் சோதிப்பார்கள். ஊர் மெக்கானிக், இன்ஜின் சத்தத்தைக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடுவார். இன்றைக்கு அதே பட்டறைகள் சிலவற்றில் ஸ்பேனர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப்பும், கையடக்கமான ஒரு பெட்டியும் இருக்கின்றன. ‘‘ரீமேப் போட்டுத் தர்றேண்ணே... அரை மணி நேர வேலைதான். இழுவையும் கூடும், டீசலும் மிச்சமாகும்’’ என்ற பேச்சும் கூடவே வருகிறது.

அந்தப் பெட்டிகளில் பல, அசல் கருவிகளைப் பார்த்துச் செய்யப்பட்ட போலிகள். வேலை நன்றாக நடந்தால் யாருக்கும் தெரியாது. நடுவில் நின்றால், வண்டி பட்டறையிலிருந்து கயிறு கட்டித்தான் வெளியே வரும். அறுவடை நேரத்தில், வாடகை உழவு நேரத்தில் அப்படி நின்றால் என்ன ஆகும் என்பது விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால், இந்தப் பெட்டி என்ன செய்கிறது, எங்கே தவறுகிறது என்பதை வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் வண்டியில் ‘மூளை’ இருக்கிறதா?

முதலில் இதைப் பாருங்கள். நம் ஊர்களில் ஓடும் 50 ஹெச்.பி-க்கு உட்பட்ட டிராக்டர்களில் ஏராளமானவை பழைய முறையிலான டீசல் பம்ப் கொண்டவை. அவற்றில் டீசலின் அளவைத் தீர்மானிப்பது பம்பும் கவர்னரும்தான். கம்ப்யூட்டர் கிடையாது. அப்படிப்பட்ட டிராக்டருக்கு ‘ரீமேப்’ செய்து தருவதாக யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

2023 ஜனவரி முதல், 50 ஹெச்.பி-க்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு ‘ட்ரெம் 4’ என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அந்த விதிக்குள் வர, கம்பெனிகள் ‘சி.ஆர்.டி.ஐ’ என்ற காமன் ரெயில் முறைக்கு மாறின. லோடு வண்டிகளில் இது இன்னும் முன்பே வந்துவிட்டது. 2017-ல் பி.எஸ் 4, 2020-ல் பி.எஸ் 6 விதிகள் நாடு முழுக்க வந்த பிறகு, காய்கறி ஏற்றும் டீசல் பிக்அப்களிலும் இதுதான்.

இந்த இன்ஜின்களில் டீசல் 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் ஒரு குழாயில் தயாராக நிற்கும். ஒவ்வோர் இன்ஜெக்டரும் எந்த நொடியில் திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கட்டளையிடுவது ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதைத்தான் ‘ஈ.சி.யூ’ என்கிறார்கள். அதற்குள் அட்டவணைகள் இருக்கும். ‘நட்ட 15-ம் நாள் இவ்வளவு உரம், 30-ம் நாள் இவ்வளவு’ என்று நாம் எழுதி வைப்பதுபோல, ‘இன்ன வேகம், இன்ன பாரம் என்றால் இவ்வளவு டீசல்’ என்று எழுதியிருக்கும். அந்த அட்டவணைதான் ‘மேப்’. அதைத் திருத்தி எழுதுவதுதான் ‘ரீமேப்’.

ஸ்கேனர் படிக்கும்... பெட்டி எழுதும்!

வண்டியில் ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகி, எந்த சென்சார் என்ன சொல்கிறது, என்ன பழுதுக் குறியீடு பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பது ‘படிப்பது’. இதில் ஆபத்து மிகக் குறைவு. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி.

‘எழுதுவது’ அப்படி அல்ல. ஈ.சி.யூ-வுக்குள் இருக்கும் பழைய பதிவை முதலில் அழிக்க வேண்டும். பிறகு புதியதை வரிசையாக எழுத வேண்டும். அழித்த நொடிக்கும் எழுதி முடிக்கும் நொடிக்கும் நடுவில், அந்த இடம் காலியாகவோ அரைகுறையாகவோ கிடக்கிறது. அந்த நேரத்தில் கேபிள் அசைந்தாலும், லேப்டாப் அணைந்தாலும், பேட்டரி இறங்கினாலும், பெட்டி மக்கர் செய்தாலும் ஈ.சி.யூ பாதி எழுதிய சிலேட்டாக நின்றுவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகாது.

எழுதும்போது இன்னொரு கண்டமும் உண்டு. அதன் பெயர் ‘செக்சம்’. பால் சொசைட்டி அட்டையில் தினமும் ஊற்றிய லிட்டரை எழுதி, கடைசியில் கூட்டுத்தொகை போடுவார்கள். நடுவில் ஒரு நாள் கணக்கை மட்டும் மாற்றிவிட்டு, கூட்டுத்தொகையை மாற்றாமல் விட்டால் செகரட்டரி பிடித்துவிடுவார் அல்லவா? ஈ.சி.யூ-வும் அப்படித்தான். அட்டவணையை மாற்றினால், கூட்டுத்தொகையையும் அது ஏற்கும் விதத்தில் மாற்ற வேண்டும். அதைத் தவறாகப் போட்டால், எழுதி முடித்த பிறகும் இன்ஜின் இயங்க மறுக்கலாம். அசல் கருவிகள் ஒவ்வொரு ஈ.சி.யூ வகைக்கும் இந்தக் கணக்கைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். போலிக் கருவிக்குத் தெரிந்தது, அது நகலெடுக்கப்பட்ட நாள் வரை வந்த கணக்கு மட்டும்தான்.

போலி எப்படி உருவாகிறது?

இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த உதாரணம், இத்தாலியின் ஏலியன்டெக் நிறுவனம் தயாரித்த ‘கெஸ் வி2’, ‘கே டேக்’ என்ற இரண்டு கருவிகள். முதலாவது, வண்டியின் சாக்கெட் வழியாகவே வேலை செய்யும். இரண்டாவது, ஈ.சி.யூ-வைக் கழற்றித் திறந்து, உள்ளே இருக்கும் போர்டில் நேரடியாக ஒயர் கொடுத்து வேலை செய்யும். இரண்டும் லட்சக்கணக்கில் செலவு பிடிக்கும் தொழில்முறைக் கருவிகள். இவற்றின் நகல்கள் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன. அசல் நிறுவனம் ‘கெஸ் 3’ என்ற அடுத்த தலைமுறைக் கருவிக்குப் போய்விட்டது. நகல்களோ பழைய பதிப்பிலேயே நிற்கின்றன.

அசல் கருவி தனியாக வேலை செய்யும் பொருள் அல்ல. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அது நிறுவனத்தின் சர்வரில் பதிவாகியிருக்கும். சந்தா கட்டியிருக்கிறாரா, எந்த வண்டிகளுக்கு அனுமதி என்பதெல்லாம் அங்கேதான் சரிபார்க்கப்படும். பெட்டிக்குள் இருக்கும் நிரலை ‘ஃபர்ம்வேர்’ என்பார்கள். லேப்டாப்பில் இருக்கும் மென்பொருளும், பெட்டிக்குள் இருக்கும் ஃபர்ம்வேரும் பதிப்பு மாறாமல் ஒத்துப்போக வேண்டும்.

போலி செய்பவர்கள், ஏதோ ஒரு பழைய பதிப்பின் ஃபர்ம்வேரை நகலெடுத்து, பூட்டை உடைத்த மென்பொருளோடு சேர்த்து விற்கிறார்கள். ஒரே வரிசை எண்ணோடு பல பெட்டிகள் சந்தைக்கு வருகின்றன. உள்ளே இருக்கும் போர்டிலும் செலவைக் குறைக்கிறார்கள். சில பாகங்களையே விட்டுவிடுகிறார்கள். ‘பச்சை போர்டு மட்டம், சிவப்பு போர்டு உசத்தி’ என்றெல்லாம் விற்பவர்கள் சொல்வார்கள். மிளகாய்ப் பொடியின் நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்வது மாதிரிதான் அதுவும்.

‘அப்டேட்’ கொடுத்தால் ஏன் சாகிறது?

போலிப் பெட்டியோடு வரும் முதல் எச்சரிக்கையே, ‘இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டுப் பயன்படுத்தவும்’ என்பதுதான். காரணம் இதுதான்... நெட் இணைப்போடு திறந்தால், மென்பொருள் அசல் சர்வரைத் தொடர்புகொள்ளும். வரிசை எண் போலி என்று தெரிந்தால் பெட்டி பூட்டப்படும். ‘அப்டேட் வந்திருக்கிறது’ என்ற செய்தியைப் பார்த்துச் சரி என்று அழுத்தினால், அசல் போர்டுக்காக எழுதப்பட்ட ஃபர்ம்வேர் நகல் போர்டில் ஏறப் பார்க்கும். இரண்டுக்கும் பொருத்தம் இல்லாததால் பெட்டி அங்கேயே செத்துவிடும்.

அதற்குப் பிறகு நடப்பது இன்னும் மோசம். பெட்டியைக் காப்பாற்ற, அதைத் திறந்து உள்ளே இருக்கும் மெமரி கார்டில் எங்கிருந்தோ கிடைத்த ஃபைலை ஏற்றுவார்கள். சிப்பைக் கழற்றி மறுபடி எழுதுவார்கள். சில நேரம் பெட்டி உயிர் பெற்றும்விடும். ஆனால், அது சரியாகத்தான் உயிர் பெற்றதா என்று சோதிக்க அவர்களிடம் எந்த வழியும் இல்லை. அடுத்து வரும் வாடிக்கையாளரின் வண்டிதான் சோதனைச்சாலை. அந்த வாடிக்கையாளர் நீங்களாக இருக்கக் கூடாது.

இதில் லேப்டாப்புக்கும் ஆபத்து உண்டு. பூட்டை உடைத்த மென்பொருளை ஏற்ற, ஆன்டி வைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அப்படி நிறுத்திவிட்டு ஏற்றும் நிரலோடு வேறு என்ன உள்ளே வருகிறது என்பது யாருக்கும் தெரியாது. வீட்டில் பிள்ளைகள் படிக்க, வங்கிக் கணக்கு பார்க்க வைத்திருக்கும் லேப்டாப்பை இந்த வேலைக்குக் கொடுக்கவே கூடாது.

அசல் ஃபைல் எங்கே?

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சில வகை ஈ.சி.யூ-க்களில் சாக்கெட் வழியாக எழுத முடியும். ஆனால், உள்ளே இருப்பதை முழுவதுமாக நகலெடுக்க முடியாது. அசல் கருவி என்ன செய்யும் என்றால், ஈ.சி.யூ-வின் அடையாள எண்ணை மட்டும் படித்துக்கொண்டு, அதற்குரிய கம்பெனி ஃபைலைத் தன் சர்வரிலிருந்து எடுத்துத் தரும். நெட்டைத் துண்டித்து வைத்திருக்கும் போலிக்கு அந்த வசதி இல்லை.

அப்போது மெக்கானிக் என்ன செய்வார்? ‘இதே மாடல் வண்டி ஃபைல் எங்கிட்ட இருக்கு’ என்பார். ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் உள்ளே இருக்கும் பதிப்பு எண் மாறியிருக்கலாம். பக்கத்து வயல் மண் பரிசோதனை முடிவை வைத்து நம் வயலுக்கு உரம் போடுகிற கதைதான். தவறாகப் போனால் திரும்பிப் போக, உங்கள் வண்டியின் பழைய ஃபைலும் கையில் இருக்காது.

பேட்டரியும் கரன்ட்டும்

எழுதும் வேலை நடக்கும்போது இன்ஜின் ஓடாது. சாவி மட்டும் ஆன் நிலையில் இருக்கும். அதாவது, ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்காது. முழுவதும் சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் அதில் கால்வாசிகூட மிச்சமிருக்காது. அதனால்தான், தொழில் தெரிந்தவர்கள் எழுதி முடிக்கும் வரை மின்னழுத்தம் ஏறி இறங்காமல் தரும் பவர் சப்ளையை பேட்டரியோடு இணைத்துவிட்டே வேலையைத் தொடங்குவார்கள். சாதாரண பேட்டரி சார்ஜர் இதற்கு ஆகாது. கரன்ட் போய்ப் போய் வரும் ஊரில், சார்ஜ் நிற்காத பழைய லேப்டாப்பைப் பிளக்கில் செருகி இந்த வேலையைச் செய்வது, மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டே நெல்லைக் களத்தில் காயப்போடுவது போன்றது.

இழுவை இல்லையா? முதலில் இதைப் பாருங்கள்

ரீமேப் தேடிப் போகிறவர்களின் வண்டிகளில், அட்டவணையில் குறையே இல்லாத வண்டிகள் நிறைய. வேறு எங்கோ இருக்கும் சின்னப் பழுதுதான் இழுவையைக் குறைத்திருக்கும். ஸ்கேனரில் வரும் குறியீடே அதைச் சொல்லிவிடும். லோடு வண்டிகளில் அடிக்கடி வரும் சில குறியீடுகள் இவை...

பி 0087: டீசல் ரெயிலில் அழுத்தம் போதவில்லை. ஃபில்டர் அடைப்பு, டீசலில் தண்ணீர், குழாயில் காற்றுக் கசிவு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

பி 0299: டர்போ போதுமான காற்றைத் தள்ளவில்லை. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் கிளாம்ப், ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பி 0401: ‘ஈ.ஜி.ஆர்’ வழியாகப் புகைச் சுழற்சி குறைவு. கரி படிந்திருக்க வாய்ப்பு அதிகம். சுத்தம் செய்தாலே சரியாகலாம்.

பி 0562: மின்னழுத்தம் குறைவு. பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், ஆல்டர்னேட்டர் பெல்ட்டைப் பாருங்கள்.

கொட்டகையில் நிற்கும் வண்டியாக இருந்தால், எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஈ.சி.யூ போய்விட்டது என்று நினைத்த சில வண்டிகளில், ஓர் ஒயரை ஒட்டியதுமே பிரச்னை தீர்ந்துவிடும். ஃபில்டரும் ஹோஸும் சில நூறு, சில ஆயிரம் ரூபாயில் முடிகிற சமாசாரம். ஈ.சி.யூ மாற்றுவது பல பத்தாயிரம் ரூபாய் விஷயம்.

சட்டமும் வாரன்டியும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களும் தயாரிப்பாளர் குறிப்பிட்ட தன்மையும் மாறும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-ல் கொண்டுவந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்யப்பட்டது. பொறுப்பு உரிமையாளர் தலையில்தான் விழும் என்பதைக் கவனியுங்கள். ஹெச்.பி-யை ஏற்றுவதும், புகை வடிகட்டியை நீக்கிவிட்டு ஈ.சி.யூ-வில் அதை மறைத்து எழுதுவதும் இந்தச் சிக்கலில் மாட்டிவிடும். வாரன்டி காலத்தில் இருக்கும் வண்டி என்றால், அந்த உரிமையும் போய்விடலாம். விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தை மறுக்கவும் நாமே காரணம் எடுத்துக் கொடுத்தது போலாகும்.

பழுது பார்க்கும் உரிமை நம்முடையது

இவ்வளவு சிக்கல் இருந்தும் ஏன் போலிப் பெட்டிகள் விற்கின்றன? ஷோரூமில் இருக்கும் கருவி ஊர் மெக்கானிக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் முக்கிய காரணம். இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டர்களைத் தாங்களே பழுது பார்க்க முடியாத விவசாயிகள், உக்ரைனிலிருந்து வந்த பூட்டுடைத்த மென்பொருளை நாடிய செய்தி 2017-ல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தொடர்ந்து போராடியதன் பலனாக, 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளைப் பழுது பார்க்கும் உரிமைக்கே தனிச் சட்டம் கொண்டுவந்தது. கருவி, கையேடு, மென்பொருள் ஆகியவற்றை விவசாயிக்கும் தனியார் பட்டறைக்கும் கம்பெனி தர வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தியாவிலும் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் இதற்காக ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் உண்டு. பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கேட்க வேண்டியது இதைத்தான்: ‘ஸ்கேனரையும் கையேட்டையும் நியாயமான விலையில் எங்கள் ஊர் மெக்கானிக்குக் கொடு’. அந்த உரிமை வந்துவிட்டால் போலிப் பெட்டிக்கு வேலை இருக்காது. ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், உறுப்பினர்களின் வண்டிகளுக்குப் பொருந்தும் தரமான ஸ்கேனர் ஒன்றைப் பொதுவாக வாங்கி வைத்தாலே, பல பேரின் அலைச்சல் குறையும்.

சாவியைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. பழுதுக் குறியீடு என்ன? அதை எனக்குக் காட்டுங்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறேன்.

2. எழுதித்தான் ஆக வேண்டுமா? ஃபில்டர், ஹோஸ், ஒயரிங் எல்லாம் பார்த்தாகிவிட்டதா?

3. என் வண்டியின் அசல் ஃபைலை முழுவதுமாக எடுக்க முடியுமா? எடுத்து ஒரு பென் டிரைவில் எனக்குக் கொடுப்பீர்களா?

4. உங்கள் கருவி அசலா? வாங்கிய பில் இருக்கிறதா?

5. எழுதும்போது தனி பவர் சப்ளை இணைப்பீர்களா?

6. ஈ.சி.யூ போய்விட்டால் யார் பொறுப்பு? அதை ரசீதில் எழுதித் தருவீர்களா?

மூன்றாவது கேள்விக்கும் ஆறாவது கேள்விக்கும் நேரான பதில் வரவில்லை என்றால், சாவியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஈ.சி.யூ-வின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் என்ன வேலை வந்தாலும் அந்த எண்கள்தான் முதலில் தேவைப்படும்.

வாசகர் கேள்விகள்

‘‘ரீமேப் செய்யும்போது நின்றுவிட்டது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஈ.சி.யூ-வைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?’’

அவசரப்படாதீர்கள். பல ஈ.சி.யூ-க்களில் அடிப்படை நிரல் தனி இடத்தில் இருக்கும். அது அழியாமல் இருந்தால், ஈ.சி.யூ-வைக் கழற்றி மேசையில் வைத்து மறுபடி எழுத வாய்ப்பு உண்டு. திரும்பத் திரும்ப அதே பெட்டியால் முயற்சி செய்ய விடாதீர்கள். பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, ஈ.சி.யூ பழுது மட்டுமே பார்க்கும் நம்பகமான பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

‘‘பழைய இரும்புக் கடையில் அதே மாடல் ஈ.சி.யூ கிடைக்கிறது. வாங்கி மாட்டலாமா?’’

மேல் லேபிளில் இருக்கும் எண் முழுவதும் ஒத்துப்போனாலும் போதாது. சாவியோடு இணைந்த ‘இம்மொபிலைசர்’ பூட்டு உள்ள வண்டிகளில், வேறு வண்டியின் ஈ.சி.யூ ஸ்டார்ட் ஆக விடாது. இன்ஜெக்டர்களுக்கான தனிக் குறியீட்டு எண்களையும் பதிய வேண்டியிருக்கும். இதைச் செய்துதர ஆள் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகே பணம் கொடுங்கள்.

‘‘ஒரே இன்ஜினைத்தான் கம்பெனியே 2 ஹெச்.பி அளவுகளில் விற்கிறது. குறைந்ததைக் கூட்டினால் என்ன தப்பு?’’

சில மாடல்களில் இன்ஜின் பிளாக் ஒன்றாக இருக்கலாம். ஆனால், இன்ஜெக்டர், டர்போ, ரேடியேட்டர், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவை மாறியிருக்கலாம். டீசலைக் கூட்டினால் சூடு கூடும். ரோட்டவேட்டர் போட்டு நாள் முழுக்க ஓட்டும்போது அந்தச் சூட்டைத் தாங்குவது ஹெட் கேஸ்கெட்டும் டர்போவும்தான். ஹெச்.பி-யை ஏற்றிய பட்டறைக்காரர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

‘‘புது டிராக்டரில் புகை வடிகட்டி அடிக்கடி விளக்குப் போடுகிறது. அதை எடுத்துவிடச் சொல்கிறார்கள்...’’

எடுக்காதீர்கள். வடிகட்டியில் சேரும் கரியை இன்ஜினே அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும். குறைந்த வேகத்தில், சும்மா ஓடவிட்டே வேலை பார்த்தால் அந்தச் சூடு வராமல் அடைப்பு கூடும். விளக்கு வந்தால், கையேட்டில் சொன்னபடி சுத்திகரிப்பு முடியும் வரை இன்ஜினை அணைக்காதீர்கள். அந்த நேரத்தில் புகைக்குழாய் கடும் சூடாக இருக்கும். வைக்கோல் போர், காய்ந்த சருகு பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். கம்பெனி சொன்ன தர எண் உள்ள இன்ஜின் ஆயிலையே ஊற்றுங்கள். மலிவு ஆயிலின் சாம்பலும் வடிகட்டியை அடைக்கும்.

‘‘என் மகன் மெக்கானிக் வேலை பழகுகிறான். போலிப் பெட்டி வாங்கித் தொழில் தொடங்கலாமா?’’

வேண்டாம். முதலில் நல்ல ஸ்கேனர், மல்டிமீட்டர், ஒயரிங் வரைபடம் ஆகியவற்றோடு பழுது கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஸ்கேனர் வாங்கும் முன், அது டிராக்டர்களோடும் பேசுமா என்று கேட்க வேண்டும். டிராக்டர்கள் பெரும்பாலும் லோடு வண்டிகளைப் போலன்றி வேறு மின்னணு மொழியில் பேசும். கார் ஸ்கேனர் அங்கே ஊமையாகிவிடும். எது பழுது என்று சரியாகப் படிக்கத் தெரிந்தவனைத் தேடி ஊரே வரும். எழுதும் வேலைக்குத் தேவை வரும்போது, சந்தா கட்டி அசல் கருவியை வாங்கிக்கொள்ளலாம்.